ஜவ்ஹராவில் விதை பிடித்த வழக்கு

டாக்ஸி நின்ற சத்தம் கேட்டதுமே ஸெல்லாம் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்.

பூஷ்தா அதை நன்றாகப் பார்த்தான். அவன் எஞ்சினைக்கூட இன்னும் அணைக்கவில்லை. ஜன்னலில் முதலில் ஒரு கால் தெரிந்தது, அப்புறம் ஒரு பழுப்பு ஜெல்லாபா அங்கி, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் செருப்பு. செருப்பு மட்டும் கட்டையில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. மீதி ஆள் அத்திமரத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கி மறைந்துபோனார்.

"லல்லா, வழக்கு முடிஞ்சுது," என்றான் பூஷ்தா. "குற்றவாளி ஓடறான். சாப்பிட்டுட்டு ஊர் திரும்பிடலாம்."

"ஓடறவனெல்லாம் குற்றவாளின்னா உன் வண்டியில ஏறின பாதிப் பேர் உள்ளதான் இருக்கணும். இறங்கு," என்றார் பின்சீட்டிலிருந்து லல்லா ஷாமா.

லல்லா என்பது இந்தப் பக்கத்தில் மூத்த பெண்களுக்கான மரியாதைச் சொல். ஷாமா தன் பாதி ஆயுளை எல்லைச் சுங்கச்சாவடியில் கழித்தவர். பெண் பயணிகளைச் சோதனை போடுவது வேலை. யார் எதை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்பதை உடுப்பைத் தொடாமலே சொல்வார் என்று பெயர். ஓய்வு பெற்றதும் ஷஃப்ஷாவன் நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்து 'விசாரணைகள்' என்று பலகை மாட்டிவிட்டார். வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை மாப்பிள்ளையின் யோக்கியதை பற்றியவை. மற்றவை காணாமல் போன கோவேறு கழுதைகள் பற்றியவை. இரண்டுக்கும் விசாரணை முறை ஒன்றுதான் என்பது பூஷ்தாவின் கருத்து. அவனுடைய பழைய மெர்சிடிஸ் டாக்ஸிதான் ஷாமாவின் வாகனம், அவன்தான் ஓட்டுநர், உதவியாளர், விமரிசகர் எல்லாம். அவனுக்குச் சேரவேண்டியதில் முக்கியமானது, போகிற வீட்டில் போடுகிற மதியச் சாப்பாடு.

ஆகவே வீட்டுக்காரி வாசலுக்கு வந்தபோது பூஷ்தா முதலில் கவனித்தது அவள் முகத்தையல்ல. ஒரு கையில் கத்தி, இன்னொரு கை இடுக்கில் கொழுத்த சிவப்புச் சேவல். அவன் மனது நிறைந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க லல்லா," என்றாள் ஃப்தோமா. கம்பளிக் குஞ்சங்கள் தொங்கும் அகலமான வைக்கோல் தொப்பியைக் கத்தி முனையால் மேலே தள்ளிக்கொண்டாள். "ஓடினது என் வீட்டுக்காரர்தான். கார் சத்தம் கேட்டா கால் தானா ஜன்னலுக்குப் போயிடுது. மன்னிப்பு வந்து ஒரு வருஷம் ஆச்சு. தலைக்குத் தெரியுது. காலுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரலை."

ரீஃப் மலையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. இங்கே தலைமுறை தலைமுறையாக எல்லாரும் விதைத்தது கஞ்சாதான், ஊர் வாயில் கீஃப். எல்லார் பெயரிலும் ஒரு பிடிவாரண்ட் எங்கேயோ தூசியடைந்து கிடந்தது. ஸெல்லாம் பேரில் இருந்தது மட்டும் தூசி தட்டப்பட்டது. பக்கத்து மலை மேய்ச்சல்காரர்களின் குடிசைகளில் அவர் ஒளிந்து வாழ்ந்த காலத்தில் மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் முடிந்தது. அப்புறம் சட்டம் மாறியது. மருந்துக்காக வளர்க்கலாம், ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மன்னிப்பும் வந்தது. ஸெல்லாம் வீட்டுக்கு வந்தார், வாசல் வழியாக.

"இன்னிக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் சங்கக் கூட்டம்," என்றாள் ஃப்தோமா. "என்னைச் சங்கத்துலேருந்து தூக்கப் போறாங்க. சங்கம் போனா உரிமம் போச்சு. உரிமம் போனா மாடியில காயற பயிரெல்லாம் மறுபடி திருட்டுச் சரக்கு. அவர் மறுபடி மலைக்குப் போயிடுவார் லல்லா. போனா இந்தத் தடவை முழங்கால் திரும்பி வர விடாது."

"உன் மேல என்ன புகார்?"

"ஹாஜியாரோட ஜவ்ஹராவுல விதை பிடிச்சிடுச்சு. நான்தான் பிடிக்க வெச்சேனாம்."

ஹாஜி மீமூன் சங்கத் தலைவர். ஜவ்ஹரா அவருடைய கலப்புச் செடி. நாட்டுக் கீஃப்பையும் சீமைச் செடி ஒன்றையும் சேர்த்து உண்டாக்கியது. மருந்துக் கம்பெனி கேட்பது விதையில்லாத பெண் பூவை. பக்கத்தில் ஆண் செடி இருந்து அதன் பொடி காற்றில் வந்து விழுந்தால் பூ முழுக்க விதையாகிவிடும், மருந்துக்கு உதவாது. ஃப்தோமா விதைப்பதோ நாட்டுச் செடி, ஆணும் பெண்ணும் கலந்து வளர்வது. ஆகவே அவள்தான்.

"கொட்டில்ல அடைச்ச செடியைக் காப்பாத்தத் தெரியலை, என் வயல் மேல பழி," என்றாள் அவள். "இருக்கற கோபத்துக்கு இந்தச் சேவல் வேற. ராத்திரியெல்லாம் கூவித் தொலைக்குது. ஹாஜியார் பெரிய விழா வெச்சாரே, பேண்டு வாத்தியமெல்லாம் வந்துதே, அன்னியிலேருந்து. அந்தச் சத்தத்துல மூளை கலங்கிப்போச்சு. இன்னிக்கு உங்களுக்கு இதுதான் சாப்பாடு."

"ஆலிவ் போட்டா, எலுமிச்சை ஊறுகாய் போட்டா?" என்று கேட்டான் பூஷ்தா.

ஷாமா சேவலை உற்றுப் பார்த்தார். அது கண்ணைச் சொருகிச் சொருகித் திறந்தது, ராத்திரிப் பணி முடித்து வந்த காவல்காரன் மாதிரி.

"கத்தியைக் கீழ வை, ஃப்தோமா."

"ஏன் லல்லா?"

"சாட்சியை யாராவது சமைப்பாங்களா?"

பூஷ்தா சேவலைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வண்டிக்கு நடந்தான்.

*

ஹாஜி மீமூனின் பிளாஸ்டிக் கொட்டில் சாலையை ஒட்டியே இருந்தது. இந்த ஊரில் கீஃப் வயல் சாலையை ஒட்டி இருப்பதே ஒரு புதுமை. முன்பெல்லாம் சாலைக்குப் பக்கத்தில் வெங்காயம்தான் போடுவார்கள்.

கொட்டிலுக்கு முன்னால் ஒரு பெரிய பலகை. சங்கத்தின் பெயர், உரிம எண், இரண்டும் அடியில் சின்னதாக. மேலே மூன்று பங்கு இடத்தில் ஹாஜி மீமூன், பிறந்த குழந்தையை ஏந்துவது போல ஒரு செடியை இரு கையிலும் ஏந்தியபடி. படத்தில் அவருக்கு நிஜத்தைவிட வயது குறைவாகவும் பல் அதிகமாகவும் இருந்தது. பலகைக்குச் செயற்கைப் புல், சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள், தலைக்கு மேல் கொக்குக் கழுத்தாக வளைந்த, சூரிய சக்தியில் எரியும் விளக்கு, இரண்டு கொடிகள்.

"கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டாங்க," என்றான் பூஷ்தா.

உள்ளே ஜலால் இருந்தான். சங்கத்தின் வேளாண் எஞ்சினியர், செயலாளரும் அவனே. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனாவோடு ஒரு சின்ன இடுக்கி.

"இதுதான் ஜவ்ஹரா," என்றான். பழகிய பேச்சு, யாரோ அமைச்சருக்குச் சொல்லிப் பார்த்துவைத்தது போல. "நாட்டுச் செடி ஒல்லியா உயரமா வளரும், பூ நெருக்கமில்லாம இருக்கும். இது பாருங்க, இடுப்பளவுதான். இலை உள்ளங்கை அகலம். பூ முஷ்டி மாதிரி இறுகி நிக்கும். குளிர் பட்டா ஓரத்துல ஊதா ஏறும். எல்லாம் ஒரே தாய்ச் செடியோட கிளையை வெட்டி நட்டது. அதனால எல்லாமே பெண், எல்லாமே ஒரே அச்சு."

"அத்தனையும் பொண்ணுங்க, ஒரே அம்மா, வெளி ஆம்பளை நுழையக்கூடாது," என்றான் பூஷ்தா. "விடுதி மாதிரி சொல்லுங்க. வார்டன் நீங்களா?"

ஜலால் சிரிக்கவில்லை.

ஷாமா ஒரு பூவைக் கிள்ளி விரலில் தேய்த்தார். எலுமிச்சைத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி கிளம்பியது. விரலிடுக்கில் மிளகளவில் விதைகள் உருண்டன. அவர் கொட்டில் நடுவே மெதுவாக நடந்தார். சாலைப் பக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் வரை வரிசைக்கு ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தார். பூஷ்தா பின்னால் போய் அவர் கீழே போட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தான். சாலைப் பக்கத்துப் பூவில் விதை நெருக்கி அடைத்திருந்தது. நடுவில் குறைந்தது. ஆற்றுப் பக்கக் கடைசி வரிசையில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"ஃப்தோமா வயல் எந்தப் பக்கம், எஞ்சினியர் தம்பி?"

ஜலால் சற்றுத் தயங்கி, ஆற்றுப் பக்கம் கை காட்டினான்.

"அப்போ அவ அனுப்பின பொடி, பக்கத்துல இருந்த வரிசையெல்லாம் மரியாதையா விட்டுட்டுத் தாண்டி வந்து, சாலைப் பக்கமா உட்கார்ந்திருக்கு. நல்ல வளர்ப்புள்ள பொடி."

"காற்று சுழலும், லல்லா. மகரந்தம் ரொம்ப தூரம் போகும்னு ஆராய்ச்சிகள்..."

"சரி. இது பூக்கறதுக்கு என்னென்ன வேணும்?"

"தண்ணி. நாட்டுச் செடி மழையை நம்பி நிக்கும், இது நிக்காது. சொட்டுக்குழாய் போட்டு நாள் தவறாம விடணும். உரம். காத்தோட்டம். அப்புறம்..." அவன் நிறுத்தினான்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

ஷாமா தலையாட்டினார். பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தார். "இடுக்கி எதுக்கு?"

"அது... முள் குத்தினா எடுக்க."

"கஞ்சாச் செடியில முள்ளு," என்றான் பூஷ்தா. "இதுவும் கலப்புல வந்ததுதானா? நான் புருவம் திருத்தறதுக்குன்னுல்ல நினைச்சேன்."

ஷாமா கேட்காமலே இடுக்கியைப் பையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தார். முனையில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அவன் பையிலேயே வைத்துத் தட்டிக்கொடுத்தார். ஜலாலின் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததைப் பூஷ்தா கவனித்தான். உள்ளே உண்மையிலேயே வெக்கைதான். ஆனால் அவ்வளவு வெக்கை இல்லை.

*

ஸெல்லாமை அவருடைய வயலிலேயே பிடித்தார்கள். அறுவடை முடிந்து வெறும் கட்டைகள் நின்ற நிலத்தில், ஒற்றைச் செருப்போடு, வேலியைச் சரிசெய்கிற பாவனையில் நின்றார். பூஷ்தா மறு செருப்பை நீட்டினான்.

"ஜன்னல்ல விட்டுட்டீங்க, ஸி ஸெல்லாம். அடுத்த தடவை அங்கே ஒரு படிக்கட்டு வெச்சுடுங்க. வயசாகுதில்ல."

"கார் உன்னுதுன்னு தெரிஞ்சிருந்தா மெதுவாவே குதிச்சிருப்பேன்," என்றார் அவர். குரல் சின்னதாக இருந்தது. பல வருஷம் யாரும் கேட்காதபடி பேசிப் பழகிய குரல்.

"எப்ப அறுத்தீங்க?" என்று கேட்டார் ஷாமா.

"ஜவ்ஹரா பூ விடறதுக்கு முன்னாடியே எல்லாம் மாடி ஏறிடுச்சு. ஆண் செடி அதுக்கும் முன்னாடியே காஞ்சு விழுந்துடும். நான் கூட்டத்துல சொன்னேன். எஞ்சினியர், பொடி மண்ணுல தூங்கும், அப்புறம் எழுந்திருக்கும்னாரு."

"பொடிகூட தூங்குது. சேவல்தான் தூங்கலை," என்றான் பூஷ்தா.

ஷாமா சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். சுங்கச்சாவடியில் பெட்டிக்கு ரகசிய அடித்தட்டு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த பார்வை.

"ஸி ஸெல்லாம், மலையில இருந்தப்போ நீங்க இந்தச் சீமைச் செடியை வளர்த்ததுண்டா?"

அவர் சாலையை ஒருமுறை பார்த்தார். "சட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நான் சோதனை போடறதை விட்டு நாளாச்சு. சொல்லுங்க."

"ரெண்டு தடவை. ஓக் காட்டுக்குள்ள ஒரு பள்ளத்துல."

"விதை பிடிச்சுதா?"

"ஒண்ணுகூட இல்லை. பூன்னா அது பூ." முதல் முறையாக அவர் குரல் நிமிர்ந்தது. "அங்கே யார் வருவா? ராத்திரியில தீக்குச்சிகூடக் கிழிக்க மாட்டோம். சிகரெட்டைக் கைக்குள்ள பொத்திக் குடிப்போம். பள்ளத்துல இறங்கினா என் கையே எனக்குத் தெரியாது."

ஷாமா சிரித்தார். பூஷ்தாவின் கணக்கில் அது அந்த மாதத்தின் முதல் சிரிப்பு.

"சாப்பிடப் போலாம்," என்றார். "அப்புறம் ஃப்தோமாகிட்டச் சொல்லுங்க, அந்தச் சேவலை ஒரு கூடையில போட்டு மேல கறுப்புத் துணி கட்டிக் கொடுக்கட்டும். கூட்டத்துக்கு வரட்டும்."

மதியம் பிஸாராதான் கிடைத்தது. அவரைப் பருப்பைக் கரைத்துக் காய்ச்சி, மேலே ஆலிவ் எண்ணெய் விட்ட கஞ்சி. பூஷ்தா வீட்டில் தினமும் சாப்பிடுவதும் அதுதான். அவன் கூடையைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தான்.

*

கூட்டம் பலகையடியில் நடந்தது. ஹாஜி மீமூன் கூட்டங்களை வேறெங்கும் நடத்துவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரே முகம் இரண்டாக இருந்தது, பலகையில் ஒன்று, மேசைக்குப் பின்னால் ஒன்று. ஸெல்லாம் கூட்டத்தின் கடைசியில், ஓடுவதற்கு வசதியான இடமாகப் பார்த்து நின்றார்.

"விஷயம் சின்னது," என்றார் ஹாஜி மீமூன். வெள்ளை ஜெல்லாபா, மடிப்புக் கலையாதது. "கம்பெனிக்காரன் மாதிரிப் பூவைத் திருப்பி அனுப்பிட்டான். சங்கத்தோட பேர் போச்சு. காரணம் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். கையைத் தூக்கி முடிச்சிடலாம்."

"ஒரு நிமிஷம் ஹாஜியாரே," ஷாமா எழுந்தார். பூஷ்தா நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போது ஆற்றுப் பக்க வரிசையைப் பற்றிச் சொல்வார், இடுக்கியைச் சொல்வார், தீர்ந்தது.

"எனக்கு ஒரு ஆசை," என்றார் ஷாமா பணிவாக. "ஷஃப்ஷாவன்ல எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க. இந்தச் சங்கத்தை எப்படி ஆரம்பிச்சீங்க? முதல்லேருந்து சொன்னா, என்னை மாதிரி வெளியாளுக்குக் கொஞ்சம் புரியும்."

நாற்காலிகளிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் ஜெல்லாபாவின் தலைமுக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார், இது எவ்வளவு நேரம் என்று அனுபவத்தில் தெரிந்தவர் போல.

ஹாஜி மீமூன் தொண்டையைச் செருமினார். தன் தாத்தாவிலிருந்து தொடங்கினார்.

தாத்தா முடிந்து அப்பா வந்தார். ராபாத்தில் ஒரு அலுவலகப் படியில் ஹாஜியார் பசியோடு காத்திருந்தது வந்தது. அந்தப் பசியை அவர் விவரித்த விதத்தில் பூஷ்தாவுக்குச் சேவல் ஞாபகம் வந்தது. "லல்லா, நமக்கு என்ன பாவம்?" என்று முணுமுணுத்தான். ஷாமா அவன் காலை மிதித்துவிட்டு, "அப்புறம் ஹாஜியாரே, இந்தப் பலகைக்கு யோசனை யாருது?" என்று எடுத்துக்கொடுத்தார். யோசனை ஹாஜியாருடையதே. புகைப்படக்காரன் தெத்துவானிலிருந்து வந்தான். பலகை இரவிலும் தெரியவேண்டும் என்று விழா நாளன்றுதான்...

அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ஹாஜியார் வேறு வழியின்றி நிறுத்தினார். ஆண்கள் அங்கேயே வரிசையாக நின்று தொழுது முடித்துத் திரும்பியபோது வெளிச்சம் வடிந்துவிட்டிருந்தது. அன்று நிலவும் இல்லை.

அப்போது தலைக்கு மேல் 'டக்' என்றது. கொக்குக் கழுத்து விளக்கு தானாக எரிந்தது. பலகையில் ஹாஜி மீமூன் முழுப் பல்லோடு ஒளிர்ந்தார். அவர் தோளைத் தாண்டிய வெளிச்சம் பின்னால் பிளாஸ்டிக் கொட்டிலுக்குள் இறங்கிச் சாலைப் பக்க வரிசைகளைப் பட்டப்பகல் ஆக்கியது. கொஞ்சம் மிச்சம் மேட்டில் ஏறி ஃப்தோமாவின் கோழிக்கூடு வரை போயிற்று.

"குற்றவாளி யாருன்னு இப்ப சொல்லிடறேன்," என்றார் ஷாமா. "நம்ம முன்னாடிதான் இருக்கார். ராத்திரியில தூங்கறதே இல்லை. விடிய விடிய அந்தப் பொண்ணுங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டு நிக்கறார்."

எல்லார் கண்ணும் பலகைக்கும் மேசைக்குமாகப் போய் வந்தது. ஹாஜி மீமூன் எழுந்துவிட்டார். "யாரைச் சொல்ற நீ?"

"படத்தைச் சொல்றேன். பூஷ்தா, சாட்சி."

பூஷ்தா கூடையிலிருந்து துணியை அவிழ்த்தான். சேவல் தலையைத் தூக்கியது. விளக்கைப் பார்த்தது. இறக்கையை உதறிக்கொண்டு அவன் மடியிலேயே எழுந்து நின்று, இதோ விடிந்துவிட்டது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவியது.

யாரோ ஒருவர் களுக்கென்றார். அப்புறம் அடக்க முடியவில்லை.

"இதுக்கு பேண்டு வாத்தியத்துல மூளை கலங்கலை," என்றார் ஷாமா. "எது ராத்திரின்னு தெரியலை. அவ்வளவுதான். எஞ்சினியர் தம்பி, காலையில ஒரு பட்டியல் சொல்லிட்டு இருந்தீங்க. தண்ணி, உரம், காத்தோட்டம், அப்புறம்?"

ஜலால் தரையைப் பார்த்தான். "இருட்டு," என்றான்.

"சத்தமா."

"இருட்டு வேணும். பூக்கற காலத்துல பாதி நாள் முழு இருட்டு. நடுவுல வெளிச்சம் பட்டுட்டே இருந்தா செடி மிரண்டுடும். காலம் தப்பிப்போச்சு, ஆணும் இல்லைன்னு, பெண் செடியே தன்கிட்ட ஆண் பூவும் விட்டுக்கும். சின்ன வாழைப்பழம் மாதிரி மஞ்சளா. அதோட பொடிதான்... எல்லாம் ஒரே தாய், ஒண்ணு மிரண்டா அத்தனையும் மிரளும்."

"மாப்பிள்ளை வரலைன்னு பொண்ணே தலைப்பாகை கட்டிக்கிச்சு," என்று பூஷ்தா பின்வரிசைக்கு மொழிபெயர்த்தான்.

"அந்த மஞ்சளைத்தான் தம்பி இடுக்கியில கிள்ளிக் கிள்ளி ஒளிச்சிட்டு இருந்தார்," என்றார் ஷாமா. "முதல்லயே ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது?" ஜலாலின் குரல் உடைந்தது. "ஹாஜியார் முகத்தை அணைச்சு வைங்கன்னா?"

"இத்தனை வருஷம் இந்த ஊர் இந்தச் செடியை யாரும் பார்க்காத பள்ளத்துல ஒளிச்சு வெச்சுது," என்றார் ஷாமா. "அதுக்கு வேண்டிய இருட்டு கிடைச்சுட்டே இருந்தது. ஸி ஸெல்லாம் பள்ளத்துல ஒரு விதை விழலை. உரிமம் வந்தது. நாம முதல் காரியமா அது மேல விளக்கைப் போட்டோம்."

ஹாஜி மீமூன் மெல்ல உட்கார்ந்தார். ஒரு கணம் தோற்றுவிட்டதாகவே பூஷ்தா நினைத்தான். ஆனால் சங்கத் தலைவர்கள் அப்படித் தோற்பதில்லை.

"அது என் படம் இல்லை," என்றார் அவர். "சங்கத்தோட மானம். அதை அணைக்க முடியாது. கம்பெனிக்காரனுக்கு நான் ஒரு பதில் சொல்லியாகணும், ஃப்தோமா வயல்னு எழுதியும் அனுப்பியாச்சு. ஃப்தோமாவை நீக்கணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க. ஜலால், எண்ணு." சொல்லிவிட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிரிப்பு நின்றது. ஒருவர் வயலுக்கு ஹாஜியாரின் பம்புதான் தண்ணீர் இறைக்கிறது. இன்னொருவர் மருமகன் ஹாஜியாரின் லாரியை ஓட்டுகிறான். ஒரு கை எழுந்தது, தோள்வரை. அதைப் பார்த்து இன்னொன்று. தலைமுக்காட்டுக் கிழவர் முகத்தைத் திறக்காமலே கையைத் தூக்கினார். பூஷ்தா ஃப்தோமாவைப் பார்த்தான். அவள் கைகளைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் புருஷன் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆள் இல்லை.

போய்விட்டார் என்றுதான் பூஷ்தா நினைத்தான். அத்திமரம், சரிவு, மலை.

ஆனால் ஸெல்லாம் முன்னால் வந்துகொண்டிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே, முழு வெளிச்சத்தில், ஊரே பார்க்க. மேசையருகே ஒரு காலி நாற்காலியை இழுத்துப் பலகைக்குக் கீழே போட்டார். பழுப்பு ஜெல்லாபாவைத் தலைவழியே கழற்றினார். உள்ளே பழைய கம்பளிச் சட்டையும் முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டையும். நாற்காலி மேல் ஏறி, ஜெல்லாபாவைக் கொக்குக் கழுத்தின் மேல் போட்டு, முக்காட்டை இழுத்துக் கட்டினார், குளிரில் ஒரு பிள்ளைக்குப் போர்த்துவது போல.

இருட்டு மொத்தமாக விழுந்தது. எதிரில் இருந்த மேசைகூடத் தெரியவில்லை.

அந்த இருட்டில் பூஷ்தா ஒரு சத்தம் கேட்டான். துணி உரசுகிற சத்தம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அப்புறம் எல்லாப் பக்கமும். அகலமான ஜெல்லாபாக் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"ஜலால்! எண்ணினியா?"



"ஒரு கையும் தெரியலை, ஹாஜியாரே," என்றான் ஜலால். இருட்டில் அவன் குரல் வேறொரு ஆளின் குரல் போல நன்றாக இருந்தது.

"யாராவது அந்தத் துணியை எடுங்கடா!"

யாரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "அப்பாடா, கண்ணுக்கு என்ன சுகம்," என்றாள். தலைமுக்காட்டுக் கிழவர் கொட்டாவி விட்டார். நாற்காலிகள் பின்னால் நகரும் ஓசை. ஸலாம்கள், இருமல்கள், வீட்டுக்குப் போகிற செருப்புகள். ஹாஜி மீமூன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், ஆனால் யாரைப் பார்த்துப் பேசுவது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

டாக்ஸிக்குத் தடவித் தடவித்தான் வரவேண்டியிருந்தது. பூஷ்தாவின் கையிடுக்கில் சேவல் கழுத்தை மடித்துக்கொண்டு, பல வாரக் கடனைத் தீர்ப்பது போல ஆழ்ந்து தூங்கியது. நல்ல கனம்.

"லல்லா, வழக்கு முடிஞ்சாச்சே," என்றான் அவன் நைச்சியமாக. "இனிமே சாட்சி எதுக்கு?"

"மேல்முறையீடு வரலாம். ஃப்தோமாகிட்டக் கொடு."

ஃப்தோமா சேவலை வாங்கிக்கொண்டாள். அவள் பக்கத்தில், குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு, ஸெல்லாம் சாலையின் நடுவில் நின்றார். நாளைக்கும் ஜெல்லாபா விளக்கிலேயே இருக்கட்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூஷ்தா சாவியைத் திருப்பினான். பழைய மெர்சிடிஸ் இருமி, உறுமி, மலையே அதிரக் கிளம்பியது. ஸெல்லாமின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

கால் இருந்த இடத்திலேயே இருந்தது.